போன்ல சொல்லத் தோதான பாஸ்வேர்டு

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்கள்ல மானிட்டர் ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கம்பெனி பேரு, ஒரு @, கடைசியில 123. சோம்பேறித்தனம்னு திட்டறவங்க ஒண்ணைக் கவனிக்கறதில்லை. அந்த பாஸ்வேர்டை முதலாளி, கணக்குப்பிள்ளை, ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணு மூணு பேரும் போட்டாகணும். "ஏனுங்க, பாஸ்வேர்டு என்னங்க?"ன்னு போன் வந்தா, நிட்டிங் மிஷின் சத்தத்துக்கு நடுவுல ஒரே தடவையில சொல்லி முடிக்கணும். வாய்ல சொல்ல லேசா இருக்கணும்னு யோசிக்கறப்பவே பாதி பாதுகாப்பு போச்சு.

தனியாளா வெக்கறப்பவும் மனசு ஏற்கனவே மனப்பாடமா இருக்கறதைத்தான் தேடும். குலதெய்வம், பையன் பிறந்த தேதி, வண்டி நம்பர். நமக்கு நெருக்கமானது அடுத்தவனுக்குத் தெரியாதுன்னு ஒரு நினைப்பு. எண்ணிப் பாருங்க. நூறு வருசத்துப் பிறந்த தேதி மொத்தமே சுமார் 36,500. டிஎன் 37-க்கு அப்புறம் ரெண்டு எழுத்து, நாலு நம்பர்னா அதிகபட்சம் 67.6 லட்சம். செல் நம்பர் 6, 7, 8, 9-லதான் ஆரம்பிக்குது, அதனால 400 கோடி. பெருசாத்தான் தெரியுது. ஆனா தளங்கள் பாஸ்வேர்டை அப்படியே வெக்காம, ஹாஷ்னு ஒரு கணக்கு போட்டு உருமாத்தி வெக்கும். எம்டி5ங்கற பழைய முறை மாதிரி வேகமான ஹாஷ்ல வெச்சிருக்கற தளம் ஒண்ணு திருட்டுப் போச்சுன்னா, ஒரு நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு அத்தனையையும் ஒரு நொடிக்குள்ள போட்டுப் பார்த்துரும்.

பெரிய எழுத்து, நம்பர், குறி கட்டாயம்னு விதி போட்டதும் பெருசா உதவலை. எல்லாரும் முதல் எழுத்தைத்தான் பெருசாக்கறாங்க, a-வை @ ஆக்கறாங்க, நம்பரைக் கடைசியில ஒட்டறாங்க. திருடற புரோகிராமுக்கும் இந்த வழக்கம் அத்துப்படி. மாசாமாசம் மாத்தச் சொன்னா 1 போய் 2 வரும். நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துல 2010-ல பார்த்த ஆய்வுல, பழைய பாஸ்வேர்டு கையில இருந்தா புதுசுல 41 சதவீதத்தைச் சில நொடியில கண்டுபிடிச்சாங்க. 2003-ல அமெரிக்காவோட தரநிர்ணய அமைப்பான நிஸ்டுக்கு இந்த விதிகளை எழுதின பில் பர்ங்கறவரே, 2017-ல அதுக்கு வருத்தப்பட்டார். அதே வருசம் நிஸ்டும் கைவிட்டுருச்சு. நம்ம ஆபீஸ்கள்லதான் இன்னும் 90 நாள் கணக்கு ஓடுது.

செய்ய வேண்டியது இதுதானுங்க. டைஸ்வேர்னு 7,776 வார்த்தைக்கு நம்பர் போட்ட பட்டியல் ஒண்ணு இருக்கு. அதை எடுத்து, அஞ்சு பகடையை உருட்டுனா, விழற நம்பருக்கு நேரா ஒரு வார்த்தை. நாலு தடவை உருட்டுங்க. கிட்டத்தட்ட 3,656 லட்சம் கோடி சேர்க்கை கிடைக்கும். 'பொடக்காலி சீமாறு கல்லக்காய் அட்டாலி'ங்கற மாதிரி, போன்லயும் சொல்லலாம். வந்தது பிடிக்கலைன்னு மறுபடி உருட்டக்கூடாது. பிடிச்சதைப் பொறுக்க ஆரம்பிச்சா பழையபடி குலதெய்வத்துக்கிட்டயே வந்து நிப்போம்.

கணக்கு சாப்ட்வேர்ல ஆடிட்டர் ஆபீஸுக்குத் தனி யூசர் போட்டுருங்க. மெயிலுக்கும் பேங்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். ஞாபகம் நிக்காதுன்னா நோட்டுல எழுதி பீரோவுல பூட்டுங்க, மானிட்டர்ல ஒட்டாதீங்க.

பொடக்காலி சீமாறை மட்டும் யாரும் வெச்சுராதீங்க. அது இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.