பழைய பாட்டுகளைத் திரட்டியது மட்டுமா?
கிளாம் மெட்டல் (பளபளப்பான ஒப்பனையோடு மேடையேறிய ராக் இசை வகை) குழுக்களின் தொகுப்பு ஆல்பங்களில் புதிதாக எதுவும் இல்லை, பழைய சரக்கை மறுபடி விற்றார்கள் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் குழுவான மாட்லி க்ரூ 1991 அக்டோபரில் வெளியிட்ட 'டெகேட் ஆஃப் டெகடன்ஸ்' தொகுப்பு இதற்கு நேர் எதிர். 'பிரைமல் ஸ்க்ரீம்' அதற்காகவே புதிதாக எழுதிய பாட்டு. அந்தக் குழுவின் மிகக் கனமான பாட்டுகளில் ஒன்று என்றே சொல்வேன். அப்புறம் 'ஹோம் ஸ்வீட் ஹோம்'. 1985இல் அமெரிக்கத் தரவரிசையில் 89ஆம் இடத்துக்கு மேல் ஏறாத பாட்டு, இந்தத் தொகுப்புக்காக மெருகேற்றப்பட்டு 37ஆம் இடத்துக்கு வந்தது. பியானோவில் தொடங்கும் அந்தப் பாட்டைக் கல்லூரி விடுதியில் நண்பனின் கேசட்டில் கேட்டுத்தான் நான் இவர்களிடமே வந்து சேர்ந்தேன். முழு ஆல்பங்களைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான். மேலே பின்னூட்டத்தில் ஒருவர், பாடகர் வின்ஸ் நீல் விலகியதால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப வந்த தொகுப்பு இது என்கிறார். வரிசை மாறிவிட்டது. அவர் பிரிந்தது 1992 பிப்ரவரியில், ஆல்பம் வந்து நாலு மாதம் கழித்து. அது வெளிவந்தபோது குழுவின் நால்வரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. அந்த நால்வரும் சேர்ந்து அடுத்த ஆல்பம் தர 1997 வரை ஆனது.