ஒன் வாட்டு

கடைக்காரர்: வாங்க டீச்சர், நல்லவேளை நீங்களே வந்தீர்கள். மாதிரி ஐ.நா. மாநாட்டில் பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாகப் பேச வேண்டுமாம், அதில் என் பையனுக்கு ஒன் வாட்டு கொடுத்திருக்கிறீர்களாமே, இது நியாயமா?

டீச்சர்: ஃபேனுக்கு ஒரு கண்டன்சர் கொடுங்கள். ரெண்டரை. ரெண்டு நாளாகக் குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது.

கடைக்காரர்: கண்டன்சர் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். முப்பது வருஷமாக விளக்குத்தூண் பக்கம் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். ஜீரோ வாட் தெரியும், அஞ்சு வாட் தெரியும், ஒன்பது வாட் எல்.இ.டி. நேற்றுகூட ஒரு பெட்டி போனது. ஒன் வாட்டு என்று ஒரு நாடு இருக்கிறதா?

டீச்சர்: வனுவாட்டு. வ, னு, வா, ட்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கிறது. 80-க்கு மேல் தீவுகள், மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனம்.

கடைக்காரர்: மூன்று லட்சமா? அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு கோரிப்பாளையத்தில் நிற்கிற கூட்டத்தில் கால்வாசி தேறாதே!

டீச்சர்: ஐ.நா.வில் கூட்டத்துக்கு ஓட்டு கிடையாது, நாட்டுக்குத்தான். 193 நாடு, ஆளுக்கு ஒரு ஓட்டு. பொதுச்சபையில் அமெரிக்காவுக்கும் ஒன்றுதான், உங்கள் ஒன் வாட்டுக்கும் ஒன்றுதான்.

கடைக்காரர்: நீங்களே பேச்சை எடுத்துவிட்டீர்கள். அமெரிக்கா காலியா இருக்கா?

டீச்சர்: இல்லை.

கடைக்காரர்: மூன்று விருப்பம் எழுதச் சொல்லி ஃபாரம் கொடுத்தீர்களே, நான் மூன்றிலும் அதைத்தானே எழுதினேன்.

டீச்சர்: பார்த்தேன். முதலில் அமெரிக்கா, ரெண்டாவதாக யு.எஸ்., மூன்றாவதாக யு.எஸ்.ஏ. மூன்றும் ஒரே ஊர்தான் என்று உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஸ்டாஃப் ரூமில் அரை மணி நேரம் விவாதித்தோம்.

கடைக்காரர்: கிண்டல் பண்ணாதீர்கள். இஞ்சினியரிங் கவுன்சிலிங்கில் பெரியவனுக்கு இப்படித்தான் ஒன்று கை நழுவிப் போனது. சரி, கவுன்சிலிங்கில் வராவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஏதாவது வைத்திருப்பீர்களே?

டீச்சர்: ஐ.நா.விலேயே வைத்திருக்கிறார்கள், பாதுகாப்புச் சபையில். அஞ்சு சீட். 1945-லேயே நிரம்பிவிட்டது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ். நடுவில் 1971-ல் சீனா சீட்டிலும் 1991-ல் ரஷ்யா சீட்டிலும் உட்கார்கிற ஆள் மாறினார், சீட் மாறவில்லை. அவர்களுக்குத் தேர்தலே கிடையாது, அதோடு பிடிக்காத ரிசல்ட் வந்தால் ரிசல்ட்டையே நிறுத்தி வைக்கலாம். மீதி பத்து சீட்டும் ரெண்டு வருஷத்துக்குத்தான், அதற்கு மற்றவர்கள் வருஷா வருஷம் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தியா பாவம், எத்தனையோ வருஷமாக வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறது.

கடைக்காரர்: அட, இந்தியாவாவது கொடுத்திருக்கலாமே.

டீச்சர்: இந்தியாவுக்கு 11 விண்ணப்பம்.

கடைக்காரர்: நான் பையனிடம் சொல்லிவிட்டேன் டீச்சர். எந்த நாடாக இருந்தாலும் சரி, இந்தியாவுக்கு எதிராகக் கையைத் தூக்கினால் வீட்டுப் படி ஏறாதே என்று.

டீச்சர்: அதைத்தான் அவன் நேற்றுப் பயிற்சியில் சொன்னான். 'வனுவாட்டு எங்கள் அப்பாவின் கருத்தோடு உடன்படுகிறது' என்று.

கடைக்காரர்: பார்த்தீர்களா, பாசம்!

டீச்சர்: கண்டன்சர்.

கடைக்காரர்: இதோ. ஆனால் இன்னொரு கஷ்டம். வீட்டில் அவன் 'நான்' என்று சொல்வதையே விட்டுவிட்டான்.

டீச்சர்: மாநாட்டில் அப்படித்தான் பேச வேண்டும். 'நான் நினைக்கிறேன்' என்று யாராவது ஆரம்பித்தால் மேடையில் உட்கார்ந்திருக்கிற காலேஜ் பையன் உடனே திருத்துவான்.

கடைக்காரர்: அது மாநாட்டில். இங்கே தட்டில் உப்புமா வைத்தால் 'வனுவாட்டு இதை ஆழ்ந்த கவலையுடன் கவனத்தில் கொள்கிறது' என்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் மாநாட்டில் நாட்டின் பேர்ப்பலகையைத் தூக்குகிற மாதிரி ஸ்கேலைத் தூக்கிப் பிடிக்கிறான். அவன் அம்மா பொறுத்துப் பார்த்தாள், அப்புறம் அவளும் கரண்டியைத் தூக்கிப் பிடித்தாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

டீச்சர்: உப்புமாவா?

கடைக்காரர்: முழுத் தட்டும்.

(ஒருவர் வந்து சுவிட்ச் பாக்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். ரெண்டு பேருமே அவரைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.)

டீச்சர்: சரி, உங்கள் பையன் கொடுத்த நிலைப்பாட்டு அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? நாலு பக்கம்.

கடைக்காரர்: நல்லா இருந்ததா? ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்து... பையன்தான் எழுதினான்.

டீச்சர்: 'வனுவாட்டு 1969-ல் நிலவில் கால் வைத்தது' என்று இருக்கிறது.

கடைக்காரர்: ...

டீச்சர்: 'வனுவாட்டின் 50 மாநிலங்களிலும் இதே கருத்து நிலவுகிறது' என்று இருக்கிறது. 'வனுவாட்டின் டாலர் உலகச் சந்தையில்' என்று ஒரு பத்தி. வெள்ளை மாளிகையைக்கூட வனுவாட்டில் கட்டிவிட்டீர்கள்.

கடைக்காரர்: அமெரிக்கா கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் முன்னாடியே போனில் கேட்டு ரெடி பண்ணி வைத்திருந்தோம் டீச்சர். மச்சினன்தான் நாட்டுப் பேரை மட்டும் மாற்றிக் கொடுத்தான்.

டீச்சர்: 1969-ல் வனுவாட்டு என்ற பேரே கிடையாது. அப்போது நியூ ஹெப்ரிடிஸ். பிரிட்டனும் பிரான்சும் ரெண்டு பேருமாகச் சேர்ந்து 1906-லிருந்து ஆண்டார்கள். ஒரே ஊருக்கு ரெண்டு போலீஸ், ரெண்டு சட்டம், ரெண்டு ஜெயில்.

கடைக்காரர்: ஒரே வீட்டுக்கு ரெண்டு மீட்டரா? ஈ.பி.யில் இப்போது விடமாட்டார்களே.

டீச்சர்: அவர்களும் 1980-ல் ரெண்டு மீட்டரையும் பிடுங்கிவிட்டு சுதந்திரம் வாங்கிக்கொண்டார்கள். உங்கள் பையன் எழுத வேண்டியது நிலவைப் பற்றி இல்லை. கடல் ஏறினால் மூழ்கப் போகிறவர்களுக்கு யார் நஷ்ட ஈடு கொடுப்பது என்று 1991-லேயே சின்னத் தீவு நாடுகள் சார்பில் கேட்டது இந்த வனுவாட்டுதான். அதற்கென்று ஒரு நிதி வைக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டது 2022-ல்.

கடைக்காரர்: 31 வருஷமா? நம்ம ஊர் பட்டா மாறுதலே தேவலை போலிருக்கிறதே.

டீச்சர்: இதை அறிக்கையில் எழுதலாம். இது நீங்களே சொன்னது, போன் சொன்னதில்லை.

கடைக்காரர்: எழுதினால் கோப்பை கிடைக்குமா? போன வருஷம் அமெரிக்கா எடுத்த பையனுக்குக் கிடைத்ததா?

டீச்சர்: அவன் ரெண்டு நாளும் வாயே திறக்கவில்லை. கையைத் தூக்கினால் கோட்டு கசங்கும் என்று அவன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கடைக்காரர்: கோட்டு என்றதும்தான் ஞாபகம். 4,500 ரூபாய்க்குத் தைக்கக் கொடுத்திருக்கிறேன், நேவி ப்ளூ. இந்த வெயிலில்.

டீச்சர்: அந்தப் பக்கத்துத் தலைவர்கள் பூப்போட்ட சட்டையோடு மாநாட்டுக்கு வருவதுண்டு. ஆனால் நம் பிள்ளைகள் வனுவாட்டுக்காகப் பேசினாலும் லண்டனில் குளிருகிற மாதிரித்தான் உடுத்துவார்கள், அது வழக்கம். அதே பசிபிக்கில் துவாலு என்று ஒரு நாடு இருக்கிறது, இன்னும் சின்னது. 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்கு அதன் அமைச்சர் சைமன் கோஃபே ஒரு வீடியோ அனுப்பினார். மேலே கோட்டு, டை. கீழே பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, முழங்கால் அளவு கடலில் சொற்பொழிவு மேடை போட்டு, மைக் வைத்துப் பேசினார். முன்னே தரையாக இருந்த இடமாம் அது.

கடைக்காரர்: தண்ணீரில் நின்றுகொண்டு மைக்கா? ஷாக் அடிக்காதா? எந்த ஊர் வயர்மேன் அது?

டீச்சர்: உலகமே பார்த்த பேச்சில் உங்களுக்குத் தோன்றியது இதுதான்.

கடைக்காரர்: தொழில் டீச்சர். ஆமா, என் பையன் எவ்வளவு நேரம் பேசுவான்?

டீச்சர்: பேச்சாளர் பட்டியலில் பேர் வந்தால் 90 வினாடி.

கடைக்காரர்: 2,700 ரூபாய் கட்டணத்துக்கு 90 வினாடியா? வினாடிக்கு முப்பது ரூபாய்! கமர்ஷியல் டாரிஃபில்கூட இப்படித் தீட்ட மாட்டார்களே.

டீச்சர்: 1957-ல் இந்தியப் பிரதிநிதி கிருஷ்ண மேனன் காஷ்மீர் விவகாரத்தில் பாதுகாப்புச் சபையில் கிட்டத்தட்ட 8 மணி நேரம் பேசினார்.

கடைக்காரர்: அவருக்கு எவ்வளவு கட்டினார்கள்?

டீச்சர்: கண்டன்சர் கொடுக்கிறீர்களா, நான் பஸ்ஸைப் பிடிக்கவா?

கடைக்காரர்: கோபப்படாதீர்கள். என் கவலை உங்களுக்குப் புரியவில்லை. சொந்தக்காரர்களிடம் 'பையன் மாநாட்டுக்குப் போகிறான்' என்றேன். 'எந்த நாடு' என்றார்கள். 'ஒன் வாட்டு' என்றேன். என் சகலை 'கடைக்கு ஏற்ற மாதிரியே கொடுத்திருக்கிறார்கள்' என்று சிரிக்கிறான். எனக்கு எப்படி இருக்கும்? அந்த ஊர் எதையாவது உருப்படியாகச் செய்திருக்கிறதா?

டீச்சர்: 2019-ல் வனுவாட்டில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் 27 சட்ட மாணவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். பருவநிலையைக் கெடுக்கிற நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று ஹேக் நகரத்தில் இருக்கிற சர்வதேச நீதிமன்றத்தையே கேட்டால் என்ன என்று. பிள்ளைகள் கேட்டதை வனுவாட்டு அரசாங்கம் கையில் எடுத்து ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டியது. 2023 மார்ச்சில் பொதுச்சபை ஓட்டெடுப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23-ல் நீதிமன்றம் பதில் சொன்னது, நாடுகளுக்குக் கடமை உண்டு, மீறினால் பொறுப்பும் உண்டு என்று.

கடைக்காரர்: தீர்ப்பா?

டீச்சர்: ஆலோசனைக் கருத்து. தீர்ப்பு மாதிரி யாரையும் கட்டுப்படுத்தாது.

கடைக்காரர்: அதாவது எஸ்டிமேட். பில் இல்லை.

டீச்சர்: எஸ்டிமேட்டே இல்லாமல் எப்படி பில் போடுவீர்கள்?

கடைக்காரர்: அது சரி. ஆனாலும் ஒன் வாட்டு என்று சொல்லும்போது...

டீச்சர்: பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு 15 வாட் வரைக்கும் இழுக்கும், பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று எனக்குச் சொன்னது யார்?

கடைக்காரர்: அது எல்.இ.டி. விற்பதற்காகச் சொன்னது. அது வேறு, இது வேறு. அமெரிக்கா நிஜமாகவே காலி இல்லையா? யாராவது கடைசி நேரத்தில் பணம் கட்டாமல் நின்றுவிட மாட்டார்களா?

டீச்சர்: நின்றுவிட்டாள்.

கடைக்காரர்: (எழுந்தே விட்டார்) அமெரிக்காவா?

டீச்சர்: வனுவாட்டு. பேர் கொடுத்த 15 பேரில் ஒருத்திதான் அதைக் கேட்டு வாங்கினாள். ஃபாரத்தில் மூன்று விருப்பமும் வனுவாட்டு, உங்களை மாதிரியே. வரைபடத்தில் பார்த்ததும் பிடித்ததாம். லைப்ரரியில் இருந்த அட்லஸைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அந்த 27 மாணவர்கள் கதையை எனக்குச் சொன்னதே அவள்தான், ஒன்பதாம் வகுப்பு. பணம் கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் வந்து 'ஊருக்குப் போகிறோம் மிஸ்' என்றாள். அவர்களுக்கு ஊரே இதுதான். கோட்டு இல்லாமல் வரலாம் என்று சொன்னேன். வரலாம்தான், மார்க் குறைப்பேன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கோட்டுப் போட்ட பிள்ளைகள் ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் விட்டுப்போன இடத்தைத்தான் உங்கள் பையனுக்குக் கொடுத்தேன்.

(கடைக்காரர் கண்டன்சரை எடுத்து, துடைத்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மறுபடி வெளியே எடுத்துத் துடைத்தார்.)

கடைக்காரர்: பணம் வேண்டாம் டீச்சர்.

டீச்சர்: நான் சம்பளம் வாங்குகிறேன். பில் போடுங்கள்.

கடைக்காரர்: எழுபது.

டீச்சர்: போன தடவை அறுபது.

கடைக்காரர்: சரி, அறுபது. அந்தப் பொண்ணு எந்த செக்ஷன்?

டீச்சர்: எதற்கு?

கடைக்காரர்: சும்மாதான். கட்டணம் அதே 2,700 தானே? இப்போது கட்டினால் வாங்குவார்களா?

டீச்சர்: வெள்ளிக்கிழமை வரைக்கும் வாங்குவார்கள். யார் கட்டினார்கள் என்று அவளுக்குத் தெரியக் கூடாது.

கடைக்காரர்: என்னை என்ன கல்வெட்டு வைக்கிற ஆள் என்று நினைத்தீர்களா? டியூப் லைட்டில் பேர் எழுதிக் கோயிலுக்குக் கொடுத்தேன்தான், அது வேறு. சரி, அவள் வந்துவிட்டால் வனுவாட்டை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் இல்லையா?

டீச்சர்: கொடுத்துவிடுவேன்.

கடைக்காரர்: அப்போது என் பையன் கையில் எந்த நாடும் இருக்காது.

டீச்சர்: இருக்காது.

கடைக்காரர்: அமெரிக்கா காலியா இருக்கா?

டீச்சர்: துவாலு காலியாக இருக்கிறது. பேன்ட்டைச் சுருட்டப் பழக்கிவிடுங்கள்.