இரண்டரை மில்லிமீற்றருக்கு இவ்வளவு சண்டையோ

9 மில்லிமீற்றர் கைத்துவக்கை விடத் தன்ர 45தான் திறம் எண்டு டெக்சாஸ் மச்சான் போட்ட பதிவுக்குக் கீழ நேற்று நடந்த கூத்தைப் பாத்திருப்பியள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "45 வாங்கி ஆறு மாசமாச்சு, எத்தினை தரம் சுட்டுப் பழகினனீர்?" அதுக்குத்தான் அவ்வளவு பேச்சும்.

"ஒரு வெடி போதும், ஆள் சரி" எண்டு எழுதியிருந்தார். பட்டால் சரிதான் மச்சான். பட வேணுமே!

45 எண்டது அங்குலக் கணக்கு, 0.45 அங்குலம். 9 மில்லிமீற்றர் குண்டுக்கும் அதுக்கும் விட்டத்தில வித்தியாசம் இரண்டரை மில்லிமீற்றர் அளவில. ஒரு உழுந்து அளவும் வராது. உங்கட எஃப்.பி.ஐ.யே இதைப் பட்டுத் தெளிஞ்சிட்டுது. 1986இல மயாமியில துவக்குச் சண்டையில தங்கட ஆக்கள் இரண்டு பேரைப் பறிகொடுத்திட்டு, பிழை 9 மில்லிமீற்றர் குண்டில எண்டு 10 மில்லிமீற்றருக்குப் போனவை. உதைப்புத் தாங்கேலாமல் கனபேர் திணற, அதே விட்டத்தில வேகம் குறைஞ்ச 40க்கு (0.40 அங்குலம்) இறங்கினவை. 2014இல அவையின்ர பயிற்சிப் பிரிவே திரும்ப 9தான் எண்டு எழுதிச்சுது. சொன்ன காரணங்களில ஒண்டு, கனபேர் அதாலதான் கெதியாயும் குறி தப்பாமலும் சுடுகினம் எண்டது.

"இடையில குண்டும் திருந்தினதுதானே" எண்டார் ஒருத்தர். ஓம், திருந்தினது. பழகாதவன்ர கையில அது திருந்தி என்ன, திருந்தாட்டி என்ன?

வன்னியில, ஒட்டுசுட்டானில பெரியப்பாவிட்டப் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் துவக்கு ஒண்டு இருந்தது. ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு. எனக்குத் தோட்டா தரமாட்டார். வெறுந்துவக்கின்ர குழல் நுனியில ஒரு ரூபாய்க் குத்தியை வைச்சிட்டு, "விசையை இழு, காசு விழப்படாது" எண்டுவார். இரண்டு கிழமையா விழுந்துகொண்டே இருந்தது. சித்தப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை, எஸ்.எஸ்.ஜி. எண்ட பெரிய சன்னத் தோட்டா போட்டால் தானாப் போய்ப் படும் எண்டவர். பண்டி வந்த இரவு 15 யார் தூரத்தில நிண்டு வெடி வைச்சார். வரம்பில மண் கிளம்பிச்சுது. பண்டி அடுத்த நாளும் மரவள்ளிக்கு வந்தது.

"நீ கைத்துவக்கால ஒருக்காலாவது சுட்டனியோ?" எண்டும் கேட்டவை. இல்லை. பஸ் ஓட்டத் தெரியாதவன் றைவரைப் பாத்து "ஓட்டப் பழகினனியோ" எண்டு கேட்கப்படாதோ?

உதெல்லாம் பரவாயில்லை. "வன்னியாருக்குத் துவக்கைப் பற்றிச் சொல்லித் தரோணுமே" எண்டு ஒருத்தர், பக்கத்தில நாலு சிரிப்பு முகம். அதுக்கு மச்சான் ஒரு இதயம் குத்தியிருக்கிறார்.

போன மாரிக்கு முதல் கிணத்தடியில பாத்தி வெட்டேக்க மண்வெட்டி 'ணங்' எண்டது. சண்டைக்கால மிதிவெடியோ எண்டு கை அப்பிடியே நிண்டிட்டுது. மனுசியையும் பிள்ளையளையும் றோட்டுக்கு அனுப்பிப்போட்டு அரை மணித்தியாலம் எட்ட நிண்டு பாத்தனான். கடைசியில பழைய சைக்கிள் றிம் துண்டு. இதில என்ன பகிடி கண்டனியள்?

மச்சான், முதல்ல அந்த இதயத்தை எடுத்துவிடும். பிறகு 9ஓ 45ஓ எண்டு கதைப்பம்.