பொம்மையோடு முடிகிற பயிற்சி அல்ல இது

மருத்துவ, செவிலியர் மாணவர்கள் உண்மையான நோயாளியிடம் போகும் முன் செயற்கையான சூழலில் பழகுவதைத்தான் சிமுலேஷன் பயிற்சி என்கிறார்கள். ‘அது பொம்மையின் மார்பை அழுத்திப் பழகுவது, நோயாளிக்கு மருத்துவத் தகவல் புரிகிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி அரைகுறை, இரண்டாம் பாதி தவறு.

நார்வேயின் ஆஸ்மண்ட் லேர்டால் உருவாக்கிய பொம்மை 1960இல் வந்தது, உண்மைதான். ஆனால் 1963இலேயே நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கி, அவரை மாணவர்கள் பரிசோதிக்கும்படி செய்தார். அந்த வழிமுறை இன்று உலகெங்கும் மருத்துவ, செவிலியர் கல்வியில் இருக்கிறது. பொம்மை தலையாட்டாது, மனிதர் ஆட்டுவார். சிக்கலே அங்கேதான்.

இன்ஹேலர் பயன்பாட்டை விளக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் விளக்கிவிட்டு ‘புரிந்ததா?’ என்பார். நடிப்பவர், தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, ‘புரிந்தது’ என்று தலையாட்டுவார். ‘எங்கே, நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள்’ என்று கேட்டால்தான் அவர் மூடியைக் கழற்றாமலே வாயில் வைப்பது தெரியவரும். கேட்காத மாணவருக்கு அது பிறகு நடக்கும் கலந்துரையாடலில்தான் தெரியும். நோயாளியையே திருப்பிச் சொல்லவோ செய்து காட்டவோ வைக்கும் இந்த முறை, மருத்துவத் தகவலை மக்கள் புரிந்து பயன்படுத்துவதைப் பற்றிய நலவாழ்வு எழுத்தறிவுத் துறையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. சிமுலேஷன், நலவாழ்வு எழுத்தறிவு என்ற இரண்டு துறைகளையும் இணைத்து ஆய்வு செய்பவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

‘படிக்காதவர்களுக்குத்தானே இதெல்லாம்’ என்று யாராவது சொன்னால், அதுவும் சரியல்ல. பட்டம் பெற்றவரும், நோய் உறுதியான அதிர்ச்சியில், மருத்துவர் சொன்னதில் பாதியைத் தவறவிடலாம். விளக்குபவரின் திறமையும் இதில் சேர்த்தி. நோயாளியை மட்டும் குறை சொல்வது, என்னைக் கேட்டால், சோம்பேறித்தனம்.