நாலாவது கால்

ஹட்டன் மலை ஈரத்தில் சாமான் அடுக்கும் இரும்பு ராக்கை துருப்பிடிக்கும், அலுமினியம் வாங்கு என்றார்கள். வாங்கினால், பெட்டியில் குழாயும் ஜொயின்டுமாக வருகிறது, நாமேதான் பூட்ட வேண்டும். சரி, துருப்பிடிக்காது. நிற்குமா? ஒரு ஜொயின்டை இறுக்கினால் எதிர்ப்பக்கம் இளகுகிறது. அதை இறுக்கினால் தட்டு கோணுகிறது. மூன்று கால் தரையில், நாலாவது அந்தரத்தில். (தோட்டத்து லய வீட்டுத் தரை என்றைக்குச் சமமாக இருந்தது?) குழாயை வெட்டிய முனையில் பிசிறு அப்படியே இருக்கிறது, ஜொயின்டுக்குள் போக மாட்டேன் என்கிறது, ஆனால் விரலை மட்டும் அழகாகக் கிழிக்கிறது. கூடவே தந்த அலன் கீ சுண்டுவிரல் நீளம். நாலு ஸ்க்ரூ இறுக்குவதற்குள் முனை மழுங்கி வழுக்குகிறது. படத்தில் உள்ள டி ஜொயின்ட் பெட்டியில் இல்லை. பெட்டியில் உள்ள எல்போ படத்தில் இல்லை. கடைக்காரர் என்னவோ, "பத்து நிமிஷ வேலை தம்பி" என்றார். யாருடைய பத்து நிமிஷம்? அரிசி மூட்டை இன்னும் கதிரை மேல். கதிரையில் உட்கார வேண்டிய மாமா, ராக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.