மாணவர் தேர்தலுக்குத் தடை இல்லை

கல்லூரி மாணவர் தேர்தல் பற்றி ஒரு அண்ணன், "மாணவர் தேர்தலை உச்ச நீதிமன்றம் 2006-லேயே தடை பண்ணியாச்சு, மாணவர் பேரவை ஆண்டுவிழா நடத்த மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. 2006 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, மாணவர் தேர்தலை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை. அவை தேர்தலுக்கு விதிகள் வகுத்தன, தடை போடவில்லை. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், அச்சடித்த சுவரொட்டி கூடாது. நியமன முறை வைத்திருக்கும் கல்லூரிகளும் படிப்படியாகத் தேர்தலுக்கு மாற வேண்டும் என்றே அந்தக் குழு சொன்னது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பல கல்லூரிகளில் துறைக்கு ஒரு ஆளை ஆசிரியர்களே கை காட்டுவதைப் பார்த்துத்தான் இந்தத் தவறான எண்ணம் வந்திருக்கும்.

தேர்தலே நடக்காத கல்லூரியிலும் வழி உண்டு. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2023 விதிப்படி மாணவர் குறைதீர்க்கும் குழு கட்டாயம். அதில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக உட்காருவார். புகார் வந்தால் கூடியவரை 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்பெர்சன்) மேல்முறையீடு செய்யலாம். விடுதி, கட்டணம், சான்றிதழைத் திருப்பித் தராதது எல்லாம் இதற்குள் வரும்.

சாயங்காலம் லேப் முடிந்து நாகர்கோவில் வடசேரியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் குலசேகரம், கருங்கல் பக்கத்துப் பிள்ளைகளின் பேருந்துக் கோரிக்கை மட்டும் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஆட்சியருக்கும் போக வேண்டியது. பேரவை அதையும் எழுத்தில் கொடுக்கலாம். தயவுசெய்து, முயற்சி எடுக்கிற பிள்ளைகளிடம் "சட்டமே இல்லை" என்று சொல்லாதீர்கள்.