வீட்டு மீடியா சர்வர் இணைய டேட்டாவைத் தின்பதில்லை

“வீட்டில் மீடியா சர்வர் வைத்தால் மாத டேட்டா கரைந்துவிடும், இணையம் அறுந்தால் ஒரு படமும் ஓடாது.” கடலூர்க் குடும்பக் குழுக்களில் சுற்றும் இந்த வாட்ஸ்அப் செய்தியின் இரண்டு கூற்றுகளும் தவறு.

மீடியா சர்வர் என்பது சேமித்து வைத்த படங்களை வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்கு அனுப்பும் கணினி. அதன் வன்வட்டில் இருக்கும் படம் ரவுட்டர் வழியாக நேரே தொலைக்காட்சிக்குப் போகிறது. ரவுட்டர் வீட்டுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் கொடுக்கும், 192.168 என்று தொடங்கும் முகவரிகள் இதுபோன்ற உள் வலையமைப்புக்குள் மட்டுமே புழங்குபவை. நொடிக்கு 10 மெகாபிட் என்ற அளவில் இரண்டு மணி நேரப் படம் பார்த்தால் சுமார் 9 ஜிபி நகர்கிறது. அதில் ஒரு துளிகூட இணையக் கணக்கில் ஏறாது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஃபைபர் கம்பி அறுந்தது. மின்சாரம் திரும்பிய பிறகும் இணையம் வரவில்லை. பழைய மடிக்கணினியில் நிறுவியிருந்த ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வர் மென்பொருள்தான் அம்மாவின் கைபேசிக்கும் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் படம் கொடுத்தது. பிளெக்ஸ் போன்ற வேறு சர்வர் மென்பொருள்கள் இணையவழிக் கணக்கைச் சார்ந்திருப்பதால், முன்னமே அமைப்புகளைச் சரிசெய்யாவிட்டால் இணையமில்லாத நேரத்தில் முரண்டு பிடிக்கலாம். வதந்தி அங்கிருந்து முளைத்திருக்கக்கூடும்.

படங்களின் முகப்பு ஓவியம், வசனவரிகளை இறக்கச் சிறிதளவு டேட்டா தேவை. வெளியூரிலிருந்து வீட்டுச் சர்வரைத் திறந்தால் மட்டும் முழுப் படமும் இணையத்தில் ஏறும்.

படம் திக்கித் திக்கி ஓடினால் டேட்டாவைக் குறை சொல்லாதீர்கள். பழைய தொலைக்காட்சிக்கு எச்.265 என்ற காணொளிச் சுருக்க வடிவம் புரியாதபோது சர்வர் அதை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றுகிறது. வலுவற்ற கணினி அங்கேதான் திணறுகிறது.